விதையா, போத்தா, ஒட்டா: பாலைவன ரோஜாவை எதிலிருந்து தொடங்குவது?

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் வளர்க்க ஆசைப்பட்டவர்கள் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கையில் ஒரு விதைப் பொட்டலம் இருக்கும். தெரிந்தவர் ஒருவர், தம் செடியைக் கவாத்து செய்யும்போது ஒரு கிளை தருவதாகச் சொல்லியிருப்பார். நாற்றுப் பண்ணையில் அடுக்கடுக்காய் இதழ் விரித்த ஒட்டுச்செடி ஒன்று கண்ணைப் பறித்திருக்கும். மூன்றில் எது நல்லது?

எதற்கு நல்லது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் செடியை விரும்புகிறவர்கள் இரண்டு சாரார். ஒரு சாராருக்குப் பூ வேண்டும். மறு சாராருக்கு அடிமரம் வேண்டும்: பானை போலப் பருத்து, வேர்கள் மண்ணுக்கு மேலே முறுக்கிப் பரவி, கைக்குள் அடங்கும் கிழமரம் போல நிற்க வேண்டும். இரண்டும் ஒரே செடியில் கிடைக்கும். ஆனால் சீக்கிரமாகவும் உழைப்பில்லாமலும் கிடைக்காது. உங்களுக்கு எது முதலில் வேண்டும் என்பதைத் தீர்மானித்தால் மீதி எளிது.

## அந்தத் தொப்பை எங்கிருந்து வருகிறது?

ஒப்பீட்டுக்குள் போகும் முன் செடியின் உடல்வாகைப் பார்த்துவிடலாம். மூன்று வழிகளின் வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது.

பெயரில் ரோஜா இருந்தாலும் இது ரோஜாவுக்கு எந்த வகையிலும் உறவல்ல. அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க வறள்நிலங்களும் அரேபியத் தீபகற்பத்தின் தென்பகுதியும் இதன் தாயகம். ஏமன் நாட்டின் ஏடன் நகரின் பெயரிலிருந்தே அடீனியம் என்ற பெயர் வந்தது. மழை பெய்யும் சில வாரங்களில் கிடைத்த நீரைச் சேமித்து வறட்சியைக் கடக்க இது கண்டுபிடித்த வழிதான் அந்தத் தொப்பை. காடெக்ஸ் என்பார்கள், நான் அடிப்பருமன் என்றே சொல்கிறேன்.

விதை முளைக்கும்போது விதையிலைகளுக்குக் கீழே, வேருக்கு மேலே ஒரு சிறு தண்டுப் பகுதி வருகிறது அல்லவா? அதுவும் அதன் கீழுள்ள ஆணிவேரும் சேர்ந்து வீங்கித்தான் அடிப்பருமன் உண்டாகிறது. முளைத்து ஒரு மாதத்திலேயே அந்த இடம் சிறு உருண்டையாகத் தெரியத் தொடங்கும். கிளையை வெட்டி நட்டால் அந்தப் பகுதியே அதில் கிடையாது. ஆகவே போத்துச் செடிக்கு விதைச் செடியின் உருவம் வருவதில்லை. இது வளர்ப்பவரின் திறமையைப் பொறுத்த விஷயம் அல்ல, செடியின் அமைப்பு அப்படி.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். அடிமரம் எப்படி அமையும்? முதல் பூவுக்கு எத்தனை காலம்? என்ன பூ வரும் என்று முன்கூட்டியே தெரியுமா? செடி செத்துப்போகும் ஆபத்து எந்தக் கட்டத்தில் அதிகம்? வாங்கும்போது கண்ணில் படாமல் பின்னால் வந்து நிற்கும் செலவு எது? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை மூன்றுக்கும் பொது. இதன் பால் நஞ்சு. இதயத்தைத் தாக்கும் பொருள்கள் அதில் உள்ளன. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அம்புமுனையில் தடவும் விஷமாக இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். தவழும் குழந்தையோ இலையைக் கடிக்கும் நாயோ வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் எந்த வழியும் வேண்டாம்.

## விதை

விதையின் முதல் கவர்ச்சி, அது ஏமாற்றாமல் சட்டென்று முளைப்பது. புதிய விதையாக இருந்து, மண் 27 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருந்தால் மூன்றாம் நான்காம் நாளே தலை தெரியும். ஒரு வாரத்தில் பெரும்பாலானவை எழுந்துவிடும். இரண்டு வாரம் கழித்தும் வராதது இனி வராது.

"புதிய" என்ற சொல் இங்கே முக்கியம். மாதங்கள் ஓட ஓட முளைப்புத்திறன் சரிந்துகொண்டே போகும். பொட்டலம் எப்போது கட்டப்பட்டது என்பதைவிட விதை எப்போது அறுவடையானது என்று கேளுங்கள். வந்த விதையை விரலிடையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சிறு குச்சி போல ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான நீளத்தில், உள்ளே கெட்டியாக இருந்தால் நல்லது. அமுங்கிச் சப்பையானால் உள்ளே ஒன்றும் இல்லை.

விதைப்பதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. சில மணிநேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடலாம். கரடுமுரடான மணல் அல்லது பெர்லைட் (நீர் தேங்காமல் இருக்கக் கலக்கும் இலேசான வெள்ளைத் துகள்) பாதி, தென்னைநார்க்கழிவு பாதி கலந்த கலவையில் படுக்கை வாக்கில் கிடத்தி, மூடியும் மூடாததுமாக மெல்லத் தூவினால் போதும். ஆழப் புதைத்தால் அழுகும். முளைக்கும்வரை ஈரம் காயக் கூடாது; முளைத்த பிறகு ஈரம் தேங்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையிலான சில நாள்களில்தான் எல்லாம் தீர்மானமாகிறது.

என் முதல் தட்டு அப்படித்தான் போனது. முளைத்த மகிழ்ச்சியில் மேலே மூடியிருந்த பிளாஸ்டிக்கை எடுக்க மறந்தேன். காற்றோட்டமில்லாத புழுக்கத்தில் பூஞ்சை புகுந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்றுகள் காலையில் இடுப்பொடிந்து கிடந்தன. நாற்றழுகல் என்று இதற்குப் பெயர். வந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. தலை தெரிந்ததும் மூடியை எடுப்பது, சுத்தமான புதுக் கலவை, தட்டின் அடியிலிருந்து நீர் உறிஞ்சவிடுவது, மெல்லிய காற்றோட்டம் ஆகியவைதான் தற்காப்பு. விதைச் செடி சாகும் ஆபத்து முதல் ஆறு வாரத்தில்தான் குவிந்திருக்கிறது. அதைக் கடந்தால் பிறகு இதைக் கொல்ல நீங்கள் மெனக்கெட வேண்டும். பெரும்பாலும் அதிகத் தண்ணீரால் மெனக்கெடுவோம்.

இனி மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். விதை மலிவு. விதையிலிருந்து வருபவை மலிவல்ல. முப்பது விதை முளைத்தால் ஆறு மாதத்தில் முப்பது தொட்டி வேண்டும். முப்பது தொட்டிக்கும் முழு வெயில் வேண்டும். பலவீனமானதைப் பிடுங்கிப் போட மனம் வராதவர்கள் பத்து விதைக்கு மேல் விதைக்காதீர்கள். மண் மாற்றும் வேலையும் உண்டு. முதல் முறை மாற்றும்போது ஆணிவேரின் நுனியைக் கத்தரித்து, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நட்டால் பக்கவேர்கள் பரவும். பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி நட வேண்டும். அப்படித்தான் மண்ணுக்குள் இருக்கும் பருமன் வெளியே வந்து காட்சியாகிறது. தானாக எதுவும் மேலே வராது.

பூ? நல்ல வெயிலும் வெப்பமும் உள்ள இடத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் பூக்கலாம், சில செடிகள் ஓராண்டுக்கு முன்பே அவசரப்படும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இடங்களில் மூன்றாண்டுகூட ஆகலாம். என்ன நிறம் என்பது பூத்த பிறகுதான் தெரியும். அடுக்குப்பூச் செடியின் விதையிலிருந்து ஓரடுக்கு இளஞ்சிவப்பு வந்து நிற்பது சாதாரணம். பெயரிட்ட வகை ஒன்றின் படம் போட்டு விதை விற்றால், அந்தப் படம் தாயின் படம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீல நிறப் பூவின் படம் போட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிடுங்கள். உண்மையான நீல அடீனியம் கிடையாது. எனக்கும் ஒரு முறை அந்தப் பொட்டலம் வந்தது. முளைத்த எல்லாமே இளஞ்சிவப்பு.

சொந்தச் செடியிலிருந்தே விதை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஒரே செடியின் மகரந்தம் அதே செடியில் பெரும்பாலும் சூல் பிடிப்பதில்லை. வேறொரு செடி வேண்டும். பூக்குழலின் அடியில், கூம்பு போலச் சேர்ந்த மகரந்தப் பைகளுக்குள் எல்லாம் ஒளிந்திருப்பதால் மெல்லிய தூரிகை நுனியோடு பொறுமையும் வேண்டும். காய் பிடித்தால் ஆட்டுக்கொம்பு போல இரட்டையாக நீளும். முற்றியதும் நூலால் கட்டிவைக்காவிட்டால் வெடித்து, இரு முனையிலும் பஞ்சு வைத்த விதைகள் காற்றில் போய்விடும்.

விதை யாருக்கு? அடிமரத்துக்காக வளர்ப்பவருக்கு, போன்சாய் போல வடிவம் செதுக்க விரும்புபவருக்கு, என்ன நிறம் வந்தாலும் சரி என்று சிரிக்கத் தெரிந்தவருக்கு. குளிர் இடத்தில் இருப்பவர்கள் வெப்பகாலத் தொடக்கத்தில் விதைத்தால் உறக்கத்துக்கு முன் நாற்று தேறிவிடும்.

## போத்து

இலவசமாகக் கிடைப்பதால் அதிகம் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள். இலவசம் என்பதுதான் இதன் பொறி என்பது என் கருத்து.

பதினைந்து இருபது சென்டிமீட்டர் நீளக் கிளையை வெட்டி, இலைகளை நீக்கி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை சில நாள் நிழலில் வைத்து, நீர் நிற்காத மணற்பாங்கான கலவையில் நட வேண்டும். மண் லேசாக ஈரம் காட்டினால் போதும். சில வாரங்களில் வேர் பிடிக்கும். தாய்ச் செடியின் பூ அச்சுப் பிசகாமல் வரும். முதிர்ந்த கிளை என்றால் அடுத்த பூக்காலத்திலேயே மொட்டு வைக்கும். பூவின் அடையாளத்திலும் வேகத்திலும் விதை இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

அடிமரத்தில் தோற்றுப்போகிறது. காலப்போக்கில் வேர்கள் கொஞ்சம் தடிக்கும், தண்டும் பருக்கும். கீழே பரந்து மேலே குறுகும் அந்தக் குடுவை மட்டும் வராது. இரண்டாண்டு கழித்து விதைச் செடியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று குடமாகவும் மற்றது தடியாகவும் நிற்கும்.

இன்னொரு தொல்லை, தோல்வி தாமதமாகத் தெரிவது. சதைப்பிடிப்பான கிளை தன் சொந்த நீரிலேயே வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும், புது இலைகூட விடும். உள்ளே கீழிருந்து அழுகிக்கொண்டிருப்பது ஒருநாள் தொட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவர்களால் பாதிப் போத்துகள் சாகின்றன என்று சொல்வேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். தாய்ச் செடியின் மாவுப்பூச்சியும் கிளையோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும். இலைக்காம்பின் இடுக்குகளைப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்து வாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட பூவின் மீது மட்டும் கண் இருந்து, செடி புதராக நின்றால் போதும் என்பவருக்குப் போத்து பொருந்தும். கவாத்தில் வெட்டியது எப்படியும் குப்பைக்குப் போகும் என்ற நிலையிலும் நட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

## ஒட்டுச்செடி

ஒட்டுச்செடி என்பது இரண்டு செடிகள். கீழே விதையிலிருந்து வந்த வேர்ச்செடி. மேலே நல்ல பூ வகையின் ஒட்டுக்குச்சி. கீழ்ப்பாதி விதைச் செடி என்பதால் அடிப்பருமனும் உண்டு, மேற்பாதியில் தெரிந்த பூவும் உண்டு. வாங்கும்போதே பூவைப் பார்த்து வாங்கலாம். காகிதத்தில் பார்த்தால் போட்டி அங்கேயே முடிந்துவிட வேண்டும்.

முடியாததற்குக் காரணங்கள் உண்டு. விற்பனைக்கான வேர்ச்செடி பெரும்பாலும் வேகமாக வளர்க்கப்பட்டது. வேர் செதுக்குவது, உயர்த்தி நடுவது போன்ற வேலைகளை அதில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே கிடைப்பது பருமன்தான், வடிவம் அல்ல. ஒட்டிய இடத்தில் தழும்பு தெரியும். தடித்த கட்டையின் மேல் ஒல்லிக் கிளைகள் செருகியது போல ஒரு பொருத்தமின்மையும் இருக்கும். ஆண்டுதோறும் கவாத்து செய்தால் அது மெல்ல மறையும். செய்யாவிட்டால் கிளை நீண்டு நுனியில் மட்டும் பூத்துத் தொங்கும்.

பெரிய மறைசெலவு கண்காணிப்பு. ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்க்கும் கிளைகளை உடனே கிள்ளி எறிய வேண்டும். அவை வேர்ச்செடியின் சொந்தப் பிள்ளைகள், வீரியம் அதிகம். ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் அவையே செடியாகிவிடும். "வாங்கும்போது அடுக்குப்பூ, இப்போது சாதாரணப் பூவாக மாறிவிட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பூ மாறுவதில்லை, மேலிருந்தது ஒடுங்கி கீழிருந்தது ஆட்சிக்கு வந்துவிடுகிறது.

அடுக்குப்பூக்களைப் பற்றியும் ஒன்று. ஓரடுக்குப் பூ வாடியதும் சுத்தமாக உதிரும். அடுக்குப்பூ நாள் அதிகம் நிற்கும். ஆனால் மழையில் நீரைப் பிடித்துவைத்து அழுகும், கனத்தில் தலை தொங்கும். மழை படும் இடத்தில் வைப்பதென்றால் ஓரடுக்கே மேல்.

வாங்கும்போது அடிமரத்தை விரலால் அழுத்துங்கள். பந்து போல அமுங்கினால் தாகமாக இருக்கலாம், அழுகலாகவும் இருக்கலாம். மண் ஈரமாக இருந்தும் அமுங்கினால் அது அழுகல், திருப்பி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, வெப்பகாலமாக இருந்தால் நீர் பிடிக்கும் பழைய கலவையை உதறிவிட்டு வடியும் கலவைக்கு மாற்றுங்கள். பண்ணையின் அளந்த நீரில் அது பிழைத்தது. நம் கை அளவுக்குப் பிழைக்காது.

யாருக்கு? இந்த ஆண்டே பூ வேண்டும் என்பவருக்கு. ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் உள்ளவருக்கு. பரிசளிக்க வாங்குபவருக்கும்தான். பெறுகிறவர் தோட்டக்காரர் இல்லையென்றால் விதைப் பொட்டலம் மேசை இழுப்பறைக்குள்தான் போகும்.

## பக்கத்தில் பக்கமாக

| கேள்வி | விதை | போத்து | ஒட்டுச்செடி |
|---|---|---|---|
| அடிமரம் | சிறப்பாக அமையும், வடிவம் உங்கள் கையில் | தடிக்கும், குடுவையாகாது | பருமன் உண்டு, தழும்பும் உண்டு |
| முதல் பூ | ஒன்று முதல் மூன்று ஆண்டு | அடுத்த பூக்காலம் | வாங்கும்போதே |
| பூவின் உறுதி | இல்லை | முழுமையாக | மேற்கிளை காக்கப்படும்வரை |
| ஆபத்துக் கட்டம் | முதல் ஆறு வாரம் | வேர்பிடிக்கும்வரை | பண்ணையிலிருந்து வந்த முதல் சில மாதங்கள் |
| மறைசெலவு | தொட்டி, வெயில், இடம், ஆண்டுகள் | தாமதமாகத் தெரியும் தோல்வி | கீழ்த்துளிர் கிள்ளுதல், ஆண்டுக் கவாத்து |

ஓராண்டு வயதான விதை நாற்றை வாங்குவது என்று இடைவழி ஒன்றும் உண்டு. ஆபத்தான ஆறு வாரத்தை வேறு யாரோ கடந்து கொடுத்திருப்பார்கள், வேரைச் செதுக்கும் வயதும் தாண்டியிருக்காது. நாற்றழுகலில் இரண்டு முறை தோற்றவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

## விதையும் வேண்டும், அந்தப் பூவும் வேண்டும் என்றால்

தொடக்கத்தில் சொன்னவரிடம் விதைப் பொட்டலமும் இருந்தது, கிளை தர ஆளும் இருந்தது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கலாம். என் தேர்வு அதுதான்.

இப்போது விதையுங்கள். ஓராண்டு இரண்டாண்டில் அடிமரத்தை உங்கள் விருப்பப்படி உயர்த்தி, வேரைப் பரப்பி, உருவம் கொடுங்கள். பூத்துப் பார்க்கட்டும். பிடித்த நிறம் வந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவை வேர்ச்செடிகள். வெப்பகாலத்தில் தண்டைச் சமமாக வெட்டி நடுவில் பிளந்து, அதே தடிமனுள்ள குச்சியை ஆப்பு வடிவில் சீவிச் செருகி, பட்டையோடு பட்டை தொடும்படி பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே சிறு பை கவிழ்த்து நிழலில் வையுங்கள். கத்தியைச் சுத்தம் செய்வது மட்டும் தவறக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் மொட்டு அசைந்தால் ஒட்டிக்கொண்டது என்று பொருள். ஒட்டாவிட்டால் வேர்ச்செடி சாவதில்லை. கீழிருந்து துளிர்க்கும், அடுத்த முறை முயலலாம். அடிமரமும் பூவும் ஒரே செடியில், இரண்டும் நீங்கள் தேர்ந்தெடுத்தவையாக அமைவது இந்த வழியில்தான்.

ஆகவே கிளை தருவதாகச் சொன்னவரிடம் இப்போது வாங்காதீர்கள், வெட்டிய குச்சி அத்தனை காலம் காத்திருக்காது. அடுத்த ஆண்டுக் கவாத்தின்போது பென்சில் தடிமனில் நாலைந்து குச்சி வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.